கோசி பேக்குப் போக நினைப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்கா என்றாலே நம் டர்பன் ஆட்கள் செயின்ட் லூசியாவுக்குப் போய், படகேறி நீர்யானை பார்த்துவிட்டு, சாயங்காலமே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதுவும் நல்ல இடம்தான். ஆனால் 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அதே பூங்காவின் வடகோடியில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, கோசி பே என்ற ஏரித்தொடர் இருக்கிறது. ஒரு நாளில் போய்வர முடியாது, இரண்டு இரவாவது ஒதுக்குங்கள்.

என்2 சாலையில் ஸ்டேங்கர் கரும்புத் தோட்டங்களைத் தாண்டி ஹ்லுஹ்லுவே வரை போய், அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு ஆர்22-இல் திரும்பினால் ம்பஸ்வானா, அப்புறம் மங்குஸி. தார்ச்சாலைதான், ஆனால் மாடுகள் நடு ரோட்டில் நிற்கும், இருட்டிவிட்டால் கறுப்பு மாடு பக்கத்தில் வரும்வரை தெரியாது. விடிவதற்கு முன்பே கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

ஏரிகள் கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் போகும் பாதை முழுக்க மணல், ஃபோர் பை ஃபோர் வண்டி இல்லாமல் நடக்காது. அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள், டயர் காற்றை 1 பார் அளவுக்கு இறக்குங்கள், திரும்பக் காற்றடிக்க பம்ப் வைத்திருங்கள். சின்ன கார்தான் இருக்கிறதா? உள்ளூர் வழிகாட்டியின் வண்டியில் போங்கள். என்னைக் கேட்டால் அதுதான் சிறந்த வழி, ஏனென்றால் அந்தத் தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

நான்கு ஏரிகள் ஒன்றோடொன்று கோர்த்துக் கடலுக்குப் போகின்றன. உள்ளே கடைசியில் இருப்பது அமன்ஸம்ன்யாமா, அதாவது கறுப்புத் தண்ணீர். உண்மையிலேயே பால் விடாத டீ நிறம். அதைச் சுற்றிச் சதுப்புக் காடும் ராஃபியா பனையும். அந்தப் பனை வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்துவிட்டுச் செத்துப்போகும். அதன் பழத்தைத் தின்னும் கழுகு ஒன்று உண்டு, வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு. காலையில் பனை உச்சியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கடல் பக்கம் வந்தால் மீன் பட்டிகள். கம்புகளை நெருக்கி நட்டு, வளைத்து வளைத்துக் கட்டிய வேலிகள். அலை ஏறும்போது உள்ளே வந்த மீன், வற்றும்போது வேலியோரமாகவே போய்க் கடைசிக் கூட்டில் மாட்டிக்கொள்ளும், சிறுமீன் இடுக்கு வழியே நழுவிவிடும். பல நூறு ஆண்டுகளாகத் தகப்பன், மகன் என்று கைமாறி வருகிற பட்டிகள் இவை. வற்றுகிற நேரத்தைக் கேட்டுவைத்துப் போங்கள், தயவுசெய்து வேலி மேல் கால் வைக்காதீர்கள்.

முகத்துவாரத்தில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், மணலில் கல்மீன் கிடக்கும், அதன் முள்ளில் விஷம். ஏரிகளில் முதலையும் நீர்யானையும் உண்டு, கரையோரம் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். மலேரியா பகுதி என்பதால் கிளம்புமுன் டாக்டரிடம் கேளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொசு குறைவு, வெயிலும் இதம். சுருட்டிய ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டு போனால் மூடிபோட்ட பெட்டியில் வையுங்கள், குரங்கு விடாது.

கரையேறி முட்டையிடும் கடலாமையைப் பார்க்க ஆசையென்றால் நவம்பர் முதல் ஜனவரிக்குள், உரிமம் உள்ள வழிகாட்டியோடு, இரவில் போக வேண்டும். டார்ச்சையும் போனையும் அணைத்துவிட்டு அவர் சைகை காட்டும்வரை மணலில் அசையாமல் உட்காருங்கள். குழி தோண்டும் சத்தம்தான் முதலில் கேட்கும்.