மெம்பிரேன் வழியாக ஒரே அளவு எண்ணெய்த் துளிகள் எடுப்பது எப்படி

ஹோமோஜினைசர் என்கிற வேகக் கலக்கியில் அடித்த எமல்ஷனை, அதாவது தண்ணீரில் எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவையை, மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், பொடித் துளியும் பெரிய துளியும் கலந்து கிடக்கும். ஒரே அளவில் வேண்டுமென்றால் அடிக்கிற வேலையையே விட்டுவிட்டு, சம அளவுத் துளைகள் உள்ள மெம்பிரேன் (சல்லடை போன்ற மெல்லிய தடுப்பு) வழியாக எண்ணெயை மெதுவாகத் தள்ளி, மறுபக்கம் ஓடும் தண்ணீரில் இறக்க வேண்டும். இதற்கு அதிகம் பயன்படுவது எஸ்.பி.ஜி. என்கிற ஷிராசு நுண்துளைக் கண்ணாடிக் குழாய். தெற்கு ஜப்பானில் கியூஷு தீவில் மண்டிக் கிடக்கும் எரிமலைச் சாம்பலிலிருந்து செய்வது, 1980-களில் மியாசாகியில் உருவானது.

முதலில் துளை அளவு. துளியின் விட்டம் துளையைப் போல் ஏறக்குறைய 3 மடங்கு வரும், அதனால் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி வேண்டுமென்றால் 5 மைக்ரான் துளை உள்ள குழாய் வாங்குங்கள்.

அடுத்தது சர்ஃபாக்டன்ட், அதாவது துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காக்கும் சோப்பு போன்ற பொருள். பலர் சறுக்குவது இங்கேதான். கண்ணாடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. சி.டி.ஏ.பி. மாதிரி நேர்மின்னூட்டம் உள்ள சர்ஃபாக்டன்ட்டைத் தண்ணீரில் போட்டால் அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை விரும்பிய பரப்பை எண்ணெயை விரும்பும் பரப்பாக மாற்றிவிடும். அப்புறம் எண்ணெய் துளைவாயில் உருண்டு நிற்காமல் பரப்பு முழுக்கப் படர்ந்து, கண்டபடி பெரிய துளிகளாகக் கழலும். மின்னூட்டமே இல்லாத ட்வீன் 20 என்கிற சர்ஃபாக்டன்ட் 1 அல்லது 2 சதவீதம் போதும், எதிர்மின்னூட்டம் உள்ள எஸ்.டி.எஸ்.ஸும் சரி. பால் புரதங்களும் வேலை செய்யும், ஆனால் புதிதாகப் பிறக்கும் துளியைச் சுற்றிப் போய் உட்கார அவற்றுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் துளி கொஞ்சம் பெரிதாகும்.

குழாயை அந்த ட்வீன் கரைசலில் மூழ்கவைத்து அல்ட்ராசோனிக் (மீயொலியால் அதிரவைக்கும்) தொட்டியில் வையுங்கள், குமிழி வருவது நிற்கும்வரை. துளைக்குள் காற்று மிச்சமிருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் ஒழுங்காக வராது.

இனி அழுத்தம். எண்ணெய் துளையைத் தாண்டக் குறைந்தபட்சம் வேண்டிய அழுத்தம், இடைமுக இழுவிசையை (எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பின் இழுவிசை) நான்கால் பெருக்கித் துளை விட்டத்தால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். இழுவிசை மீட்டருக்கு 5 மில்லிநியூட்டன், துளை 5 மைக்ரான் என்றால் வெறும் 4 கிலோபாஸ்கல்! எண்ணெய்ப் பாட்டிலை 45 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தாலே அவ்வளவு வந்துவிடும். அதனால் எண்ணெயை நைட்ரஜன் வாயுவால் தள்ளும்போது சாதாரண சிலிண்டர் ரெகுலேட்டரை நம்பாதீர்கள், அதன் முள் இந்த அளவுக்கு அசையக்கூட அசையாது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தையும் காட்டும் நுண் அழுத்தமானி வேண்டும், பாட்டிலின் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், குழாய்க்குள் ஓடும் தண்ணீரின் அழுத்தத்தை அதிலிருந்து கழிக்கவும் வேண்டும். மெதுவாக ஏற்றிக்கொண்டே போய் முதல் துளிகள் தெரிந்ததும், அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று பல மடங்கு ஏற்றினால் எண்ணெய் துளியாக இல்லாமல் தாரையாகப் பீய்ச்சும், சீர்மை போய்விடும். ஒரு நேரத்தில் துளைகளில் சிறு பங்குதான் வேலை செய்யும், ஆகவே இது பொறுமையான வேலை.

தண்ணீரைத் தள்ள, ரப்பர் குழாயை உருளைகளால் நசுக்கித் துடித்துத் துடித்து ஓட்டும் பெரிஸ்டால்டிக் பம்பைவிடச் சீராக ஓட்டும் பம்ப் மேல். திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் ஏற்கனவே உருவான பெரிய துளிகளைப் பம்பே உடைத்துவிடும், அதனால் எண்ணெய் சில சதவீதம் சேர்ந்ததும் நிறுத்திவிடுவது நல்லது.

ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். விட்டத்தின் மாறுபாடு (திட்டவிலக்கம் சராசரி விட்டத்தில் எத்தனை சதவீதம் என்பது) 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்ல ஓட்டம். நடுநடுவே ராட்சதத் துளிகள் தெரிந்தால், அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் குழாயை எண்ணெய் நனைத்துவிட்டது, கழுவ வேண்டியதுதான்.

கழுவ, எத்தனாலில் ஊறவைத்து அல்ட்ராசோனிக்கில் வையுங்கள். அதற்கும் போகாத எண்ணெயை, ரப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டு, உலையில் 500 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாக ஏற்றி எரிக்கலாம். ஆறவிடுவதும் மெதுவாகத்தான், இல்லையென்றால் விரிசல் விழும். கடுமையான காரக் கரைசல் மட்டும் வேண்டாம், கண்ணாடி கரைந்து துளை பெரிதாகிவிடும்.