பயிர்ச் சேத நிவாரணம்: பணம் எங்கே நின்றுபோகிறது?

சம்பா வயல் மூழ்கியும் நிவாரணப் பட்டியலில் பெயர் வரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் ஆவணத்தில்தான் இருக்கும். மழைக்கு முன்பே சரிசெய்திருக்கக்கூடிய கோளாறு என்பதுதான் வேதனை.

நிவாரணமும் பயிர்க் காப்பீடும் வேறு வேறு. பேரிடர் நிதியிலிருந்து வரும் நிவாரணத்துக்குப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுத்து, சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ என்று பதிவு செய்ய வேண்டும். காப்பீடோ பிரீமியம் கட்டியவருக்கு மட்டும். ஒன்றுக்குக் கொடுத்த மனு இன்னொன்றுக்குச் செல்லாது.

2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய விதிமுறைப்படி எக்டேருக்கு இறவை (பாசன) பயிருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒருவருக்கு 2 எக்டேர்தான் உச்சவரம்பு. மாநில அரசு சில சமயம் கூட்டிக் கொடுக்கும்; 2023 பிப்ரவரியில் டெல்டா நெல்லுக்கு எக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. மா, வேலி என்ற பழைய நில அளவுகளில் மனதில் கணக்குப் போட்டுவிட்டு, வந்த தொகை குறைவு என்று பதறுவோர் நிறையப் பேர். 2 எக்டேர் என்பது 4.94 ஏக்கர், ஏறக்குறைய 15 மா. ஒரு வேலி (20 மா) முழுவதும் மூழ்கினாலும் அதற்கு மேல் கணக்கில் வராது.

அடங்கலில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பட்டா என்பது நிலம் யாருடையது என்று மட்டுமே சொல்லும். இந்தப் பருவத்தில் அதில் என்ன பயிர் நிற்கிறது என்று சொல்வது அடங்கல். வருவாய்த் துறைக் கணக்கான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் போன வருட அடங்கல் உதவாது. நடவு முடிந்ததுமே கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) போய், புல எண், உட்பிரிவு, பயிர், பரப்பு நான்கையும் பாருங்கள். வயலில் நெல் நிற்க, பதிவில் தரிசு என்று இருந்தால் வெள்ளம் வந்தபின் வாதாடிப் பயனில்லை. இறந்துபோன அப்பா பெயரிலேயே பட்டா கிடந்தாலும், கூட்டுப் பட்டாவாக இருந்தாலும் இழுபறிதான். குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் தன் பெயர் சாகுபடியாளராகப் பதிவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் செலவு செய்தவர் ஒருவர், பணம் வாங்குபவர் இன்னொருவர் ஆகிவிடும்.

தண்ணீர் வடிந்ததும் மறுநடவுக்கு அவசரப்பட்டு, கணக்கெடுப்புக்கு முன் வயலை உழுதுவிடாதீர்கள். அலுவலர் வரும்போது பார்க்க ஏதும் இருக்காது. காத்திருக்க முடியாத நிலை என்றால், எல்லைக்கல்லோ பக்கத்து மோட்டார் கொட்டகையோ தெரியும்படி, தேதியும் இடமும் பதியும் செயலியில் படம் எடுத்து, எழுத்து மூலம் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டு உழுங்கள். அழுகிய தூரைப் பிடுங்கி அருகில் வைத்து ஒரு படம் எடுப்பது நல்லது. இலை பச்சையாகத் தெரிந்தாலும் வேர் அழுகியிருக்கும். தூரத்துப் படத்தில் அது தெரியாது.

காப்பீட்டில் சம்பா நெல்லின் மகசூல் இழப்பை உங்கள் வயலை வைத்துக் கணக்கிடுவதில்லை. வருவாய்க் கிராமத்தில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் (மாதிரி வயல்களை அறுத்து விளைச்சலை அளப்பது) சராசரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே பதிவில் கிராமப் பெயர் மாறிப்போனால் வேறொரு ஊரின் விளைச்சல்தான் உங்கள் கணக்காகும். காப்பீட்டு ரசீதை வாங்கிய இடத்திலேயே படித்துப் பாருங்கள். அறுத்துக் காயப்போட்ட கதிர் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தால் கதை வேறு: அறுவடையிலிருந்து 14 நாள் வரை தனி வயலுக்கே இழப்பீடு உண்டு, ஆனால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ சொல்லியாக வேண்டும்.

பணம் அனுப்பியதாகச் சொல்லியும் கணக்கில் இல்லையா? ஆதார் வழி அனுப்பும் தொகை, கடைசியாக ஆதாரை மானியத்துக்காக இணைத்த வங்கிக்கே போகும். பாஸ்புத்தக நகலாகக் கொடுத்த வங்கிக்கு அல்ல. எந்த வங்கி என்பதை மைஆதார் தளத்தில் பார்க்கலாம். நிவாரணப் பட்டியல் தாலுகாவுக்குப் போகும் முன்பே பெயரையும் பரப்பையும் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் சரிபார்த்துவிடுங்கள். விடுபட்டிருந்தால் தாசில்தாருக்கு மனு, அதன் நகலோடு மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இன்னொரு மனு. இரண்டுக்கும் ஒப்புகை எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.