வடசென்னை வீட்டில் காடை வளர்ப்பு: முட்டை அடை வைப்பதிலிருந்து முட்டை எடுப்பது வரை

முட்டைக்கு அடைச்சூடு தரும் பெட்டியான இன்குபேட்டருடன் வரும் கையேடுகள் முதல் நாளிலேயே தட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லும். குளிரும் வறட்சியுமான ஊர்களுக்கு அது சரி. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ அப்படியே செய்தால், முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சுகள்தான் மிஞ்சும். நம் கடற்காற்று 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வையுங்கள். அதே காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் தானாகவே 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐப்பசி மழையில் 26 டிகிரி, 95 சதவீதம் என்று இருந்தாலும் பெட்டிக்குள் கணக்கு ஏறக்குறைய அதே 50-க்குத்தான் வரும். காடை முட்டைக்கு முதல் 14 நாள் வேண்டியதும் அந்த அளவுதான். ஆகவே நம் ஊரில் முதல் இரண்டு வாரம் தண்ணீர்த் தட்டு காலியாகவே இருக்கட்டும். ஏசி ஓடும் அறை மட்டும் விதிவிலக்கு. அங்கே பெட்டிக்குள் 25, 30 சதவீதம் வரை காய்ந்துவிடும், தண்ணீர் வைத்தே ஆக வேண்டும்.

எந்த முட்டை

கடையில் சாப்பிட விற்கும் காடை முட்டையை அடை வைக்காதீர்கள். சாப்பாட்டு முட்டைக்காக வளர்க்கும் கூண்டுகளில் பெரும்பாலும் ஆண் இருக்காது, கருவும் இருக்காது. இருந்தாலும் ஃபிரிட்ஜிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்த முட்டை பொரிப்பது அபூர்வம். ஆணும் பெண்ணும் சேர்த்து வளர்க்கும் பண்ணையில் கேட்டு, இட்டு மூன்று நாலு நாளுக்குள் இருக்கும் முட்டையை வாங்குங்கள். 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். நம் வீட்டு அறை அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே இல்லை. அதனால்தான் இங்கே ஒரு வாரப் பழைய முட்டை பாதி கூமுட்டையாகிறது. 10 முதல் 12 கிராம் எடையில், விரிசல் இல்லாத, நல்ல புள்ளி போட்ட முட்டையாகப் பொறுக்குங்கள். கழுவக் கூடாது. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே இறங்கும். பஸ்ஸிலும் வண்டியிலும் குலுங்கி வந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அரை நாள் அசையாமல் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

வளர்க்க அனுமதி உள்ளது ஜப்பானியக் காடைக்குத்தான். வயலில் பிடித்த காட்டுக் காடையும் கவுதாரியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றின் முட்டையைக்கூடத் தொடக்கூடாது. மாதவரம் பால்பண்ணையில் தலைமையகம் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்ற ரகங்களை உருவாக்கியிருக்கிறது. குஞ்சோ முட்டையோ வாங்க முதலில் அங்கே விசாரிப்பது நல்லது.

பெட்டி

காசிமேட்டில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று போதும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, வாடை முழுக்கப் போகும்வரை வெயிலில் காயவிடுங்கள். இரண்டு 40 வாட் குண்டு பல்பு, பீங்கான் ஹோல்டர், 230 வோல்ட் டிஜிட்டல் தெர்மோஸ்டாட், கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் ஃபேன், அதற்கு அடாப்டர், ஈரப்பதமானி என்று எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். பல்பு இரண்டு எதற்கென்றால், நடுராத்திரி ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்கும். தெர்மாகோல் உருகும், பற்றியும் எரியும். பல்புக்கும் சுவருக்கும் நாலு அங்குலமாவது இடைவெளி விட்டு, நடுவில் தகரத் தடுப்பு வையுங்கள். பொரித்த குஞ்சு சுட்டுக்கொள்ளாதபடி பல்பைச் சுற்றி வலை கட்டுங்கள். அடியில் நாலு, மேலே நாலு என ஒரு செ.மீ. துளைகள் போடுங்கள்.

தெர்மோஸ்டாட்டின் உணர்கருவி முட்டையின் உயரத்தில், பல்பின் நேர்ச்சூடு படாத இடத்தில் தொங்க வேண்டும். பல்பு எரியத் தொடங்குவது 37.4, அணைவது 37.6 என்று வையுங்கள். அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டிலுள்ள டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரின் நுனியை உணர்கருவிக்குப் பக்கத்தில் பிடித்தால் 99.5 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் அமைப்பில் திருத்துங்கள். ஈரப்பதமானியைச் சோதிக்க, ஒரு மூடியில் சமையல் உப்பைச் சேறு போலக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்டினால் மானி சரி. 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள். முட்டை வைப்பதற்கு முன் ஒரு முழு நாள் பெட்டி காலியாக ஓடட்டும்.

இன்குபேட்டர் சூடாக்கும், குளிர்விக்காது. ஷீட் போட்ட மொட்டைமாடி அறையில் கத்திரி வெயில் மதியம் 39 டிகிரி போனால், பல்பு அணைந்தே இருந்தாலும் உள்ளே கரு வெந்துவிடும். கீழ்த்தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டாத அறையாகப் பாருங்கள். மே மாதத்தில் அடை வைக்காமலிருப்பது உத்தமம். நவம்பர் கடைசியும் டிசம்பர் முதல் வாரமும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இங்கே பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, தண்ணீரும் வடியவில்லை. தையிலிருந்து மாசி வரை நல்ல காலம். ஆடி, ஆவணியும் தாங்கும்.

பதினெட்டு நாள்

தினம் மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படையில் திருப்பினால் ராத்திரி நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடப்பது நாளுக்கு நாள் மாறிவரும். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் போட்டுக்கொண்டால் குழப்பமில்லை. திருப்பாமல் விட்டால் கரு உள்சவ்வில் ஒட்டிக்கொண்டு சாகும்.

தொடக்கத்தில் எல்லா முட்டையையும் சேர்த்து எடை போட்டு எழுதி வையுங்கள். 30 முட்டை 345 கிராம் என்றால் 14ஆம் நாள் ஏறக்குறைய 307 இருக்க வேண்டும். அதாவது 11 சதவீதம் குறைய வேண்டும். அந்த நீர் வெளியேறினால்தான் மழுங்கிய முனையில் காற்றறை பெரிதாகும், குஞ்சு முதல் மூச்சு விட இடம் கிடைக்கும். எடை 25 கிராம்கூடக் குறையவில்லையென்றால் உள்ளே ஈரம் அதிகம், இன்னும் இரண்டு துளை போடுங்கள். 45-க்கு மேல் குறைந்திருந்தால் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். இதை ஏழாம் நாளே பாதிக் கணக்காகப் பார்த்துவிட்டால் திருத்த நேரம் இருக்கும். அன்றைக்கே இருட்டில் எல்ஈடி டார்ச்சை முட்டையின் மழுங்கிய முனையில் அழுத்திப் பாருங்கள். புள்ளிகளுக்கு நடுவே சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாக மஞ்சளாகத் தெரிவதை எடுத்துவிட்டு, எடைக் கணக்கிலும் கழியுங்கள்.

கரண்ட் போனால் முதல் இரண்டு வாரத்தில் பதற வேண்டாம். மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போர்த்தினால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். கடைசி நாலு நாளில் குஞ்சுகளே சூட்டை உண்டாக்கும். ஃபேனும் நின்றுவிட்டால் மூச்சு முட்டும், அப்போது போர்த்தாதீர்கள்.

15ஆம் நாள் திருப்புவதை நிறுத்துங்கள். முட்டைகளை வழுக்காத ரப்பர் விரிப்பில் படுக்கவைத்து, இப்போதுதான் தண்ணீர் ஊற்றுங்கள். நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றும் சேர்த்து ஈரப்பதத்தை 70-க்குக் கொண்டுவந்து மூடிவிடுங்கள். 17ஆம் நாள் முட்டையின் அகலமான முனைப் பக்கம் நட்சத்திரம் போல ஒரு சின்ன விரிசல் விழும். அதன் பிறகு பல மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். உள்ளே குஞ்சு மூச்சுப் பழகிக்கொண்டு, மிச்ச மஞ்சள்கருவையும் சவ்வின் ரத்தத்தையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு மெதுவாகச் சுழன்று, ஓட்டை வட்டமாக வெட்டி, ஒரே உதையில் மூடியைத் தள்ளும். இந்த நேரத்தில் எட்டிப் பார்க்க மூடியைத் திறந்தால் ஈரம் பறந்து, சவ்வு சுருங்கிக் குஞ்சின் மேல் இறுகிவிடும். கை வைத்து உரித்தால் ரத்தம் கசிந்து சாகும். பொரித்த குஞ்சு உள்ளே ஒரு நாள் வரை பசி தாங்கும், உடம்பு காய்ந்ததும் மொத்தமாக எடுங்கள்.

20ஆம் நாளும் பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பாருங்கள், அடுத்த முறைக்குப் பாடம் அதில்தான் இருக்கிறது. முதல் நாலு நாளிலேயே கரு செத்ததைக் காட்டும் ரத்த வளையம் என்றால் பழைய முட்டை, அல்லது சூடு ஏறி இறங்கியிருக்கிறது. முழுக் குஞ்சு, சுற்றிலும் நீர், சின்னக் காற்றறை என்றால் ஈரம் அதிகம். 16ஆம் நாளே பொரித்து, தொப்புள் மூடாமல் இருந்தால் சூடு அதிகம். 19, 20 வரை இழுத்தால் சூடு போதவில்லை.

முதல் வாரம்

எட்டு கிராம் குஞ்சு ஒரு பாட்டில் மூடித் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு பரப்புங்கள், அலகு மட்டும் நுழையும் இடைவெளி போதும். நியூஸ்பேப்பர் விரித்தால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்று நிரந்தர ஊனமாகும். முதல் ஐந்து நாள் கோணிச் சாக்கு விரியுங்கள். பிறகு உமி இரண்டு அங்குலம். செங்குன்றம் அரிசி ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. வால்டாக்ஸ் ரோடு மரக்கடைத் தூள் நைஸாக இருப்பதால் கண்ணிலும் மூச்சிலும் ஏறும். பிளைவுட் பசை கலந்திருக்கவும் கூடும்.

60க்கு 75 செ.மீ. அட்டைப்பெட்டியில் 50 குஞ்சு வைக்கலாம், அதுவும் பத்து நாளைக்குத்தான். மூலைகளை அட்டை வளைத்து உருட்டிவிடுங்கள். குளிரில் மூலையில் ஏறி மிதித்தே பாதி செத்துப்போகும். ஒரு பக்கம் பல்பு தொங்க, அதன் கீழே முதல் வாரம் 36, இரண்டாம் வாரம் 33, மூன்றாம் வாரம் 30 டிகிரி. குஞ்சு குவிந்து கத்தினால் குளிர். ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு. கோடை மதியத்தில் பல்பை அணைத்துவிட்டு ராத்திரி மட்டும் போட வேண்டியிருக்கும்.

தீவனம், பிராய்லர் கோழிக்குஞ்சுக்கு முதலில் போடும் பிரீ ஸ்டார்ட்டர். மிக்சியில் ரவைப் பதத்துக்கு உடைத்துக் கொடுங்கள். புரதம் 24 சதவீதத்துக்குக் குறைந்தால் வளர்ச்சி மந்தமாகும். மூட்டையில் 22 என்று போட்டிருந்தால் வேகவைத்த முட்டையை உதிர்த்து மேலே தூவுங்கள். சாப்பிட்ட மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், நம் வெயிலில் அழுகிவிடும். ஐந்து வாரத்தில் ஒரு காடை சுமார் அரை கிலோ தீவனம் தின்னும்.

கூண்டு, தண்ணீர், முட்டை

மூன்று வாரத்தில் ஆண் பெண் தெரியும். நெஞ்சு செம்பழுப்பாக ஒரே நிறமென்றால் ஆண், கறுப்புப் புள்ளி போட்டிருந்தால் பெண். ஆறு வாரம் ஆனதும் ஆணின் ஆசனவாய்க்கு மேலே உள்ள உருண்டையை மெல்ல அழுத்தினால் வெள்ளை நுரை வரும். ஒரு ஆணுக்கு மூன்று பெண் போதும். அதற்கு மேல் ஆண் வைத்தால் பெண்களின் தலையில் முடி இருக்காது.

2க்கு 2 அடிக் கூண்டில் பத்து பறவை. உயரம் 10 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பயந்தால் செங்குத்தாக எகிறித் தலையை மோதும். அரை அங்குல வெல்டட் வலையாகவே போடுங்கள். நம் சாக்கடைப் பெருச்சாளி சாதாரணக் கோழி வலையைக் கடித்துவிடும். கூண்டை மூன்றடி உயரத்தில் வைத்து, கால்களை எண்ணெய் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது. எச்சத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் அம்மோனியா காடையின் கண்ணையும் பக்கத்து வீட்டுக்காரர் பொறுமையையும் சேர்த்துக் கெடுக்கும்.

கடலோரத் தெருக்களின் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கொடுக்காதீர்கள், மெட்ரோ தண்ணீரே நல்லது. "கருவாடு போட்டால் முட்டை கூடும்" என்று காசிமேடு பக்கம் சொல்வார்கள். உப்பில்லாமல் காய்ந்த மீன் என்றால் கொஞ்சம் கொடுக்கலாம். உப்புக் கருவாடு விஷம், தண்ணீராகக் கழிந்து சாகும்.

ஆறேழு வாரத்தில் முட்டை தொடங்கும். அப்போது முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்துக்கு மாற்றி, பொடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒரு காடை தினம் 25 முதல் 30 கிராம் தின்னும். வெளிச்சம் 16 மணி நேரம் வேண்டும். சென்னையில் பகல் டிசம்பரில் பதினொன்றரை மணிக்கும் குறைவு, ஜூனிலும் பதின்மூன்றைத் தொடாது. ஆகவே வருஷம் முழுக்க, மாதத்துக்கு ஏற்ப மூன்று முதல் ஐந்து மணி நேரம் எல்ஈடி பல்பு எரிய வேண்டும். காடை பெரும்பாலும் சாயங்காலம்தான் முட்டையிடும். ராத்திரி சேகரித்தால் மறுநாள் வெயில் படாது.

கோடையில் கூண்டைச் சுற்றி ஈரக் கோணி தொங்கவிட்டு, தீவனத்தை விடிகாலையிலும் பொழுது சாய்ந்தும் போடுங்கள். ஜப்பானியக் காடை அடை உட்காராது, ஆகவே முட்டை பொரிக்க எப்போதும் பெட்டிதான். இதே பெட்டியில் நாட்டுக்கோழி 21 நாள், கினிக்கோழி 26 முதல் 28, வாத்து 28 நாளில் பொரிக்கும். வடசென்னையில் மாடிக்கு மாடி இருக்கும் புறாவை மட்டும் இதில் முயல வேண்டாம், அதன் குஞ்சுக்குத் தாயும் தந்தையும் தொண்டைப்பையிலிருந்து ஊட்டும் பால் இல்லாமல் முடியாது. புறாக் கூண்டுக்குக் கீழே காடைக் கூண்டை வைக்கவும் கூடாது. சந்தையில் வாங்கிய புதுப் பறவையை மூன்று வாரம் தனியே வைத்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். ஒன்றிரண்டு சோர்ந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். ஒரே நாளில் கொத்துக் கொத்தாகச் செத்தால் யாருக்கும் கொடுக்காமல், கால்வாயிலும் வீசாமல், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லி அவர்கள் வரும்வரை கூண்டைத் தொடாமல் விடுங்கள்.