நுண்ணறிவுச் சோதனை அறிக்கை கைக்கு வந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறப் பெற்றோர்களே, பிள்ளையின் அறிக்கையில் நுண்ணறிவு மதிப்பெண் (IQ) 88 என்று கண்டதும் கலங்காதீர்கள். சோதனை எந்த மொழியில் நடந்தது என்று முதலில் கேளுங்கள். வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் தமிழே பேசும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொற்பொருள் கேட்டால், மொழிப் பழக்கமும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. எனக்கு இதுவே பெரிய கவலை. மதிப்பெண்ணை ஒப்பிடும் 100 என்ற சராசரி எந்த நாட்டுப் பிள்ளைகளுடையது என்றும் விசாரியுங்கள்.

பிழை வரம்பும் உண்டு. திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 15, நம்பகத்தன்மை (மறுபடி சோதித்தாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் நிற்கும் என்பது; 1 என்றால் முழுமை) 0.91 எனில் அளவீட்டுப் பிழை, அதாவது ஒரு மதிப்பெண் தற்செயலாக ஏறி இறங்கக்கூடிய அளவு, 4.5; அதன் இருமடங்கை இருபுறமும் வைத்தால் அந்த 88, ஏறக்குறைய 79 முதல் 97 வரை விரியும். வரம்பு அச்சாகவில்லை என்றால் சோதித்தவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.