படகு கிளம்பும் முன்பே அட்வான்ஸ்: ஆப்பிளைப் பார்த்துச் சின்னக் கடை நடத்துவது எப்படி

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எட்டுக்குப் பத்து அடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பதினாலு வருஷம் ஆகிறது. புதிதாகக் கடை போடப்போகும் தம்பிகள் வந்து உட்கார்ந்தால் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வருவார்கள்: "அண்ணே, ஆப்பிள்காரன் மட்டும் எப்படிண்ணே எல்லாரையும் முந்துறான்?" கேமரா, டிசைன் என்று ஏதாவது சொல்வேன் என்று பார்ப்பார்கள். நான் எங்க அப்பாவின் பழைய கணக்கு நோட்டை எடுத்துப் போடுவேன்.

அப்பா பாம்பனில் மீன் வியாபாரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் சும்மா கிடக்கும். பலகை மாற்ற வேண்டும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும், வலை வாங்க வேண்டும். படகுக்காரர் கையில் காசு இருக்காது. அப்பா அட்வான்ஸ் கொடுப்பது அப்போதுதான். வட்டி கிடையாது. ஒரே பேச்சு, தடை முடிந்து பிடிக்கிற இறாலும் கணவாயும் நம்ம தராசுக்கு வரணும். ஜூன் பாதியில் மற்றவர்கள் கரையில் ஏலத்துக்கு நிற்கும்போது அப்பாவின் பெட்டி ஐஸ் போட்டு லாரி ஏறியிருக்கும்.

ஆப்பிள் 2005-ல் செய்ததும் இதைத்தான். அந்த செப்டம்பரில் ஐபாட் நானோ என்ற பாட்டுப்பெட்டி வந்தது. அதற்கு முந்தைய பெரும்பாலான ஐபாடுகளுக்குள் சுழல்கிற ஹார்டு டிஸ்க் இருக்கும். நானோவுக்குள் ஃப்ளாஷ் மெமரி, அதாவது எதுவும் சுழலாத சிப். நவம்பரில் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான், இன்டெல், தோஷிபா என்று 5 கம்பெனிகளோடு 2010 வரைக்கும் அந்த மெமரிக்குச் சப்ளை பேசி, 125 கோடி டாலரை முன்பணமாக வைத்தார்கள். அன்றைய கணக்கில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே மாதிரி ஒரு பாட்டுப்பெட்டி செய்ய நினைத்தவன் மிச்சம் மீதிக்குத்தான் நிற்க வேண்டும். சாம்சங்கும் அப்போது பாட்டுப்பெட்டி விற்றுக்கொண்டிருந்த கம்பெனிதான் என்பதைக் கவனியுங்கள். போட்டிக்காரன் வலையில் விழுந்த மீனுக்கும் அட்வான்ஸ்!

நம்ம கடையில் இதை எப்படிச் செய்வது? போன வருஷத்து பில் புக்கை எடுங்கள். ஜூன் 15 முதல் ஜூலை கடைசி வரை எந்த மாடலில் எந்தப் பார்ட்ஸ் போனது என்று கோடு போட்டு எண்ணுங்கள். என் கடையில் வருஷா வருஷம் முதலில் நிற்பது சார்ஜிங் போர்டு. டிஸ்ப்ளே இல்லை. காரணம் உப்பு. போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போவார்கள். ஈரக்கையால் எடுத்துப் பேசி, அதே ஈரத்தோடு சார்ஜ் போடுவார்கள். சார்ஜிங் பின்னுக்குள் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். கரண்ட் ஓட ஓட அரிப்பு கூடும். பிறகு ஐபிஏ (போர்டு துடைக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்துப் பாருங்கள். களிம்பு மேலாக இருந்தால் போய்விடும். கீழே தாமிரம் கறுத்துக் குழி விழுந்திருந்தால் போர்டை மாற்றத்தான் வேண்டும். அரிசிக்குள் புதைத்துவிட்டு வருகிறவர்களிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். தவிட்டையும் சேர்த்துத் துடைத்துக் கொடுங்கள்.

ஆக மே மாதமே, தடைக்காலத்தில் தொழில் மந்தமாக இருக்கும்போதே, அதிகம் ஓடும் ஏழெட்டு மாடலுக்குச் சார்ஜிங் போர்டு சொல்லிவையுங்கள். பாதிப் பணம் முன்னாலேயே கட்டினால் விலையும் இறங்கும், ஜூனில் உங்களுக்குத்தான் முதலில் பார்சல் போடுவார்கள்.

ஆனால் முன்பணம் மூழ்கவும் செய்யும். 2013-ல் ஐபோனுக்குக் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி வேண்டும் என்று ஜிடி அட்வான்ஸ்டு என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு 57.8 கோடி டாலர் வரை தருவதாக ஆப்பிள் ஒப்பந்தம் போட்டது. அடுத்த அக்டோபரில் அந்தக் கம்பெனியே திவால். ஆப்பிள் தாங்கிக்கொண்டது, நாம் தாங்க மாட்டோம். எனக்கு 2018-ல் சென்னை மொத்த வியாபாரி ஒருவர் 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பாதிக்கு மேல் வேலை செய்யாத டிஸ்ப்ளேயாக அனுப்பினார். கேட்டதற்கு "செக் பண்ணித்தான் தம்பி போட்டோம்" என்றார். அதிலிருந்து இரண்டு கட்டுப்பாடு: ஒரே ஆளிடம் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டுவதில்லை, முதலில் ஐந்து பீஸ் வரவழைத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, ஒரு வாரம் ஓட்டிய பிறகுதான் மீதிப் பணம்.

அட்வான்ஸ் கொடு என்றதும் கடை முழுக்கச் சரக்கை அடுக்கிவிடாதீர்கள். பின்னாளில் ஆப்பிளின் தலைவரான டிம் குக் 1998-ல் அங்கே சேர்ந்ததும் செய்த முதல் வேலையே கிடங்குகளை மூடியது. மாதக்கணக்கில் கிடந்த சரக்கு நாள் கணக்குக்கு இறங்கியது. பால் வியாபாரம் மாதிரி பார்க்க வேண்டும் என்பது அவர் பேச்சு. பாம்பனில் பிறந்திருந்தால் மத்தி என்றிருப்பார். சொல்லிவைப்பது வேறு, வாங்கிக் குவிப்பது வேறு. எங்கள் வீட்டுப் பரணில் 300 பேக் கவர் மூட்டையாகக் கிடக்கிறது. எல்லாம் ஒரே மாடல், நான்கு மாதத்தில் வழக்கொழிந்த மாடல். பரண் பக்கம் போகும்போதெல்லாம் என் சம்சாரம் அதை ஒரு தடவை ஞாபகப்படுத்துவாள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பு. நானோ வந்த அன்றே ஐபாட் மினியை ஆப்பிள் நிறுத்தியது. மினி ஓடாத சரக்கு இல்லை, அன்றைக்கு நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. பிறகு ஐபோன் வந்து ஐபாடையே தின்றது. கடைசி ஐபாடை 2022-ல் நிறுத்தினார்கள். எனக்கு அந்த மினி, ரீசார்ஜ் வியாபாரம். ஒரு காலத்தில் கடை வாடகை ரீசார்ஜ் கமிஷனில்தான் போகும். யுபிஐ வந்ததும் பக்கத்துக் கடைகளில் அதைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். நான் வருகிற அக்காமார்களுக்கு நானே போனில் ஏற்றிக் கொடுத்து, ரீசார்ஜ் போடவும் சொல்லிக்கொடுத்தேன். ஆறு மாதம் வயிறு எரிந்தது. ஆனால் போனில் என்ன கோளாறு என்றாலும் "அந்தத் தம்பிகிட்டயே குடு" என்று வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வருவது பெரிய விஷயமே இல்லை. ஐபோன் வந்தது 2007-ல். நோக்கியா அதற்கு ஒரு வருஷம் முன்பே ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பையன்களும் வேலைக்குப் போனார்கள். 2014-ல் அது மூடப்பட்டது. இப்போது அதே ஸ்ரீபெரும்புதூரில் பாகங்களைப் பூட்டி ஐபோன் செய்கிறார்கள்.

நாம் காப்பியடிக்கவே முடியாதது சிப் என்பார்கள். 2008-ல் பி.ஏ. செமி என்ற சிப் கம்பெனியை வாங்கி, 2010-ல் ஏ4, 2013-ல் 64 பிட் ஏ7 என்று சொந்தமாக வடிவமைத்துக்கொண்டார்கள். அடுத்தவன் சிப் வரும்வரை காத்திருக்கும் வேலை போயிற்று. எனக்கு இதிலும் ஒரு வழி தெரிந்தது. போர்டு வேலை என்றால் இங்கே எல்லோரும் மதுரைக்கு அனுப்புவார்கள். போய்வர மூன்று நாள், கேட்ட காசு. நான் ஒரு மைக்ராஸ்கோப்பும் ஹாட் ஏர் மெஷினும் வாங்கி, செத்த போர்டுகளில் எட்டு மாதம் கை பழகினேன். இப்போது மூன்று மணி நேரத்தில் கொடுக்கிறேன். கடை போட்ட முதல் வருஷமே இதைக் கற்றுக்கொள்ளுங்கள், பெயர்ப்பலகைக்குச் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம்.

பழைய போன் வாங்கி விற்பதாக இருந்தால் கீழக்கரைப் பக்கம் துபாயிலிருந்து வரும் ஐபோன்கள் நிறையக் கிடைக்கும். ஐந்து வருஷப் பழசு என்று நான் விலையைக் குறைத்தபோது ஒரு காக்கா (அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சிரித்தார்: "பழசுதான் தம்பி, நேத்துகூட அப்டேட் வந்துச்சே." உண்மைதான். 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்பு அப்டேட் கொடுத்தார்கள். அதனால்தான் பழசும் விலை போகிறது. வாங்கும்போது செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய்ப் பாருங்கள். டிஸ்ப்ளேயோ பேட்டரியோ மாற்றியிருந்தால் புதிய மாடல்களில் அங்கேயே காட்டிவிடும். சிம் டிரேயையும் உருவிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்னப் பட்டை வெள்ளையாக இருக்க வேண்டும். சிவந்திருந்தால் தண்ணீர் குடித்த போன். டிரேயே இல்லையென்றால் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தைய மாடலாக இருக்கலாம், இ-சிம் மட்டும்தான். சாதா சிம் போட நினைக்கும் ஆளிடம் விற்றுவிட்டுப் பேச்சு வாங்காதீர்கள்.

ஜூன் 15 அதிகாலையில் படகுகள் கிளம்பும். அன்றைக்குக் கடையில் ஈ ஓட்டுவீர்கள். மறுநாள் கரை திரும்பி, மீன் இறக்கி, குளித்துவிட்டு வருவார்கள். ஐபிஏ புட்டியை நிரப்பி, சார்ஜிங் போர்டுகளை மாடல் வாரியாகப் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு மேசை மேலேயே வைத்திருங்கள்.