பாடும் பறவைக்கு வளையம் இடுவது எப்படி? முதல் நாள் வரும் தன்னார்வலருக்கு

வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு பறவைகள் ஏறத்தாழ 290 கோடி குறைந்துவிட்டதாக 2019இல் வந்த ஆய்வு சொன்னது. எங்கே தொலைகின்றன? கூடு கட்டும் காட்டிலா, குளிர்காலம் கழிக்கும் தெற்கிலா, வழியிலா? அதைத் தேடித்தான் காலில் எண் பொறித்த வளையம் இடுகிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு அரசு அனுமதி வேண்டும். அனுமதி உள்ளவர் பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும். தோட்டத்தில் நீங்களாக வலை கட்டாதீர்கள்.

முதலில் வலை. சுமார் 12 மீட்டர் நீளம், தலைமுடி போல மெல்லிய கறுப்பு நைலான். புதரை ஒட்டிக் கட்டினால் பறவைக்குத் தெரியாது; மோதி, கீழே பை போலத் தொங்கும் மடிப்பில் விழும். விடியலில் திறந்து, அரை மணிக்கு ஒருமுறையாவது சுற்றி வாருங்கள். வெயில் ஏறினால் இன்னும் அடிக்கடி. மழை வந்தால் உடனே மூடிவிடுங்கள்.

அடுத்தது பறவையை எடுப்பது. கடினமான வேலை இதுதான். எந்தப் பக்கமிருந்து உள்ளே வந்தது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கமாகவே வெளியே வர வேண்டும். பெரும்பாலும் கால், பிறகு இறக்கை, கடைசியில் தலை. சிக்கல் புரியவில்லையா, இழுக்காதீர்கள், பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். தேவைப்பட்டால் கத்தரிக்கோலால் வலையை வெட்டுவார். வலையைத் தைத்துக்கொள்ளலாம்.

பிடிக்கும்போது முதுகு உள்ளங்கையில் இருக்கட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கழுத்தின் இருபுறமும், மற்ற விரல்கள் கூண்டு மாதிரி. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சு அசைந்தால்தான் மூச்சு. அழுத்தினால் மூச்சு முட்டும்.

சரி, வளையம். காலின் தடிமனுக்கு ஏற்ற அலுமினிய வளையத்தை அதற்கென உள்ள இடுக்கியால் மூடுங்கள். இரு முனையும் இடைவெளியில்லாமல் சேர வேண்டும். இடைவெளி இருந்தால் நார் மாட்டும். வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும். எண்ணை இருமுறை வாசியுங்கள்.

அப்புறம் இறக்கை நீளம், வயது, எடை. தொண்டைக் குழியில் இறகை ஊதிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிவது கொழுப்பு, பயணத்துக்கான எரிபொருள். பிளாக்போல் வார்ப்ளர் என்னும் சிறு பாடும் பறவை வெறும் 12 கிராம். போகும் வழியைக் கணிக்க உதவும் அரை கிராம் கருவியை முதுகில் கட்டி அனுப்பிய ஐந்து பறவைகள், அட்லாண்டிக் கடல்மேல் இரண்டு மூன்று நாள் நிற்காமல் 2,270 முதல் 2,770 கி.மீ. வரை பறந்ததை 2015இல் அறிந்தோம். அந்தக் கருவியில் உள்ள தகவலை எடுக்க அதே பறவையை மறுபடி பிடிக்க வேண்டும். இப்போது மோட்டஸ் என்னும் பறவைத் தடமறியும் வலைப்பின்னலின் கோபுரங்கள் சிறு ரேடியோ கருவிகளின் சமிக்ஞையைத் தாமே பதிகின்றன. எந்தக் கருவியானாலும் உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டாமல் பார்ப்பது நல்லது; 12 கிராம் பறவைக்கு அந்த அரை கிராம் இதைச் சற்றுத் தாண்டியதுதான்.

பறவை வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ கண்ணை மூடினாலோ எல்லா அளவையும் விட்டுவிடுங்கள். நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். தரைக்கு அருகில் கையை விரியுங்கள், அது போகட்டும்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ எங்காவது வளையமிட்ட பறவையைக் கண்டால் எண், தேதி, இடம் மூன்றையும் குறித்து, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பறவை வளைய ஆய்வகத்துக்கு இணையத்தில் தெரிவியுங்கள். அந்தப் பறவைக்கு எப்போது, எங்கே வளையமிட்டார்கள் என்று உங்களுக்கும் பதில் வரும்.