குழாயும் சோப்பும் மருத்துவச் செலவுதான்: சுகாதார நிலையங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வரும்போது தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, வாஷ்பேசின் எல்லாம் கட்டட எஸ்டிமேட்டில் சேர்ந்துவிடும். மருந்தும் ஊசியும் சுகாதாரத் துறையின் கணக்கில் வரும். கட்டடத்தை ஒப்படைத்த நாளோடு தண்ணீர் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதத்தில் மோட்டார் பழுதாகும்போது அது யார் வேலை என்று யாருக்கும் தெரிவதில்லை. மற்ற தவறுகள் பலவும் இங்கிருந்துதான் முளைக்கின்றன.

தொட்டியின் அளவையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி ஒரு பிரசவத்துக்கு 100 லிட்டர், உள்நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர், புறநோயாளி ஒருவருக்கு 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று பிரசவம், ஆறு உள்நோயாளிகள், நூறு புறநோயாளிகள் வரும் ஒரு நாளைக் கணக்குப் போட்டால் ஆயிரம் லிட்டரைத் தாண்டிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் மாடியில் ஒரே ஒரு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இருந்தால், ராத்திரி கரண்ட் போனதும் நர்ஸ் வாளியைத் தேட வேண்டியதுதான். பிரசவ எண்ணிக்கையைப் பார்க்காமல் தொட்டி வாங்காதீர்கள். குறைந்தது இரண்டு நாளைக்கான இருப்பு இருக்கட்டும். மோட்டாருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

அடுத்தது வாஷ்பேசின் இருக்கும் இடம். வார்டின் ஒரு கோடியில் பேசின், மறு கோடியில் நோயாளி. ஒருவரின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் நர்ஸ், ஒவ்வொரு முறையும் அந்தக் கோடிவரை நடந்து வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு பயிற்சி வகுப்பு வைக்கிறோம். நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் பின்பும், சுத்தமாகச் செய்ய வேண்டிய ஊசி, கட்டு போன்றவற்றுக்கு முன்பு, ரத்தமோ கழிவோ பட்ட பிறகு, கட்டிலையும் சுற்றியுள்ளவற்றையும் தொட்ட பிறகு என்று கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் ஐந்து. அத்தனை முறையும் அது நடக்க வேண்டுமானால், தண்ணீர் இல்லாமல் கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவமான ஹேண்ட் ரப் கட்டிலருகிலேயே இருக்க வேண்டும். 20, 30 விநாடியில் வேலை முடியும். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். அதற்காக ஹேண்ட் ரப் வந்துவிட்டது, இனிப் பேசின் வேண்டாம் என்று முடிவு செய்வதும் தவறுதான். கையில் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தமோ அழுக்கோ இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கழுவிய கையை எல்லோரும் ஒரே துண்டில் துடைத்தால் கழுவியதே வீண்.

கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் பேசினை நாம் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. சிகிச்சை நடக்கும் இடம், கழிப்பறைக்கு ஐந்து மீட்டருக்குள் என்று இரண்டு இடத்திலும் கை கழுவ வசதி இருந்தால்தான் அடிப்படைக் கை சுகாதாரம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கில் எடுக்கின்றன. 2022இல் அவை வெளியிட்ட அறிக்கையின்படி உலகின் சுகாதார நிலையங்களில் ஏறத்தாழ பாதிக்குத்தான் அது இருந்தது.

கழிப்பறை எத்தனை என்று கேட்கிறோம், எத்தனை திறந்திருக்கின்றன என்று கேட்பதில்லை. சாவி அலுவலகத்தில் தொங்குகிறது, உள்ளே தாழ்ப்பாள் இல்லை, விளக்கு எரியவில்லை, நாப்கின் போடத் தொட்டி இல்லை. நிறைமாதக் கர்ப்பிணி, தையல் போட்ட தாய், சக்கர நாற்காலியில் வரும் பெரியவர், இரவுப் பணியில் தனியாக இருக்கும் நர்ஸ் என்று இவர்கள் ஒவ்வொருவரும் பயன்படுத்த முடிந்தால்தான் அதைக் கழிப்பறை என்று எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடரைக் கண் அளவாகப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடர் என்றால், லிட்டருக்கு 15 கிராம் கலந்தால் ரத்தம் சிந்திய இடத்துக்கு வேண்டிய 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். மூட்டை திறந்தே கிடந்தால் வீரியம் போய்விடும். அப்போது அதே 15 கிராம் பயன்படாது. கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். சிந்திய ரத்தத்தைத் துடைத்து எடுக்காமல் அதன் மேலேயே ஊற்றினால் குளோரின் அந்த ரத்தத்திலேயே செலவாகிவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. குடிநீருக்குக் குளோரின் போட்டால் அரை மணி நேரம் விட்டு, குழாய் முனையில் பிடித்துச் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். தொட்டியில் போட்டோம் என்று பதிவேட்டில் எழுதுவது சோதனை ஆகாது.

இதையெல்லாம் அன்றாடம் செய்பவர் தூய்மைப் பணியாளர். அவரைக் கணக்கில் சேர்க்காததுதான், என் பார்வையில், இருப்பதிலேயே பெரிய தவறு. ஒப்பந்த நிறுவனம் ஆள் அனுப்பும், அவர் முதல் நாளே துடைக்கத் தொடங்கிவிடுவார். கழிப்பறை மாப்பும் பிரசவ அறை மாப்பும் வேறு வேறு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்குத் துடைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும் என்று சொல்லாமல் விடுவது அவர் உயிரோடு விளையாடுவது. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் பயிற்சியும், ஹெப்படைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் கொடுக்க வேண்டும் என்று உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 சொல்கின்றன. ஒப்பந்தப் பணியாளரை அதிலிருந்து விலக்க எந்தக் காரணமும் இல்லை. தொற்றுத் தடுப்புக் குழுக் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த நேரத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதை மருத்துவரைவிட அவர்தான் நன்றாக அறிவார்.

சுத்தம் சரியில்லாத இடத்தில் ஆன்டிபயாட்டிக்கைக் கொண்டு முட்டுக்கொடுக்கிறோம். சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்துக்கு வழக்கமாக ஆன்டிபயாட்டிக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் "எதற்கும் இருக்கட்டும்" என்று எழுதப்படுகிறது. அந்த மாத்திரைக்கு ஆண்டுதோறும் கொள்முதல் ஒதுக்கீடு உண்டு. சோப்பு, பிளம்பர் கூலி, செப்டிக் டேங்க் லாரி ஆகியவற்றுக்கோ எங்கிருந்தாவது தேற்ற வேண்டியிருக்கிறது. மருந்துப் பட்டியல் போடும் அதே திட்டமிடலில் இவற்றுக்கும் தனி ஒதுக்கீடு வேண்டும்.

2015இல் மத்திய அரசு தொடங்கிய காயகல்ப் திட்டம் அரசு மருத்துவமனைகளின் தூய்மைக்கு மதிப்பெண் போட்டுப் பரிசு தருகிறது. 70 சதவீதம் எடுத்தால் பரிசுக்குத் தகுதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்துக்காகப் பெயின்ட் அடித்து, அவர்கள் போனதும் சரிபார்ப்புப் பட்டியலை அலமாரியில் வைத்தால் பயனில்லை. அந்தப் பட்டியலில் நான்கைந்து கேள்விகளையாவது மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்குக் கொண்டுவரலாம்: இந்த மாதம் எத்தனை மணி நேரம் தண்ணீர் வரவில்லை? பிரசவ அறையில் சோப்பு தீர்ந்த நாட்கள் எத்தனை? எந்தக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது? கழிவுநீர் எங்கே போகிறது? பிரசவ எண்ணிக்கையும் தடுப்பூசி எண்ணிக்கையும் வாசிக்கப்படும் அதே தாளில், அதே மருத்துவ அலுவலரின் பொறுப்பில் இந்தப் பதில்களும் வர வேண்டும். குழாய் பழுதானால் ஊராட்சியா, பொதுப்பணித் துறையா, சுகாதாரத் துறையா, யாரை அழைப்பது என்பதைப் பெயரோடும் போன் நம்பரோடும் மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைக்க ஒரு மார்க்கர் பேனா போதும்.